ஏரிக்கரையில் அறுந்த சுரம்

எனக்கு மூச்சு போதவில்லை என்று எங்கள் பேண்டு வாத்தியக் குழுவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. ஏரிக்கரையில் அன்று அந்த நீண்ட சுரம் அறுந்துபோனதற்கு என் வயது காரணமில்லை, நுரையீரலும் காரணமில்லை. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணத்தில் பாதி நீ.

உன் நினைவாக நாலு வரி எழுதித் தரும்படி பேண்டை நடத்தும் மஞ்சுநாத் கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டப்போகிறாராம். உன்னைப் பற்றி என்று ஆரம்பித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருகிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

இன்று காலை என் யூஃபோனியம், அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியம், இருக்கும் பெட்டியைத் திறந்தேன். வால்வுக்குப் போடும் எண்ணெயின் வாசனை முதலில் வந்தது. அதன் பின்னாலேயே ஏலக்காய். என் பெட்டியில் ஏலக்காய் இருக்க நியாயமில்லை. தின்கிற பொருள் எதையும் வாத்தியத்தோடு வைப்பவள் நான் அல்ல. நீதான் வாய் காயக்கூடாது என்று கச்சேரிக்கு முன்னால் மென்றுகொண்டே இருப்பாய்; மிச்சத்தை என் பெட்டியின் வெல்வெட் மடிப்பில் செருகிவைப்பாய். உன் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், "என் பெட்டியில வச்சா தொலைஞ்சிடும்டீ. உன் பெட்டியில எதுவும் தொலையாது" என்பாய். விரலை விட்டுத் துழாவி, காய்ந்த தோல்களை எடுத்துப் போட்டேன். வாசனை போகவில்லை. ஒத்திகைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன.

கான்வென்ட்டில் நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைத்த அதே சிஸ்டர்தான் பியூகிள் ஊதும் வரிசையிலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். நீ ஊதினால் தெருமுனை வரை கேட்கும், ஆனால் சுருதி எங்கேயோ இருக்கும். நான் ஊதினால் சுருதி சரியாக இருக்கும், ஆனால் எனக்கே கேட்காது. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல பெண் கிடைப்பாள் என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னதற்கு நீ வாய்விட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, வீட்டுக்குப் போய் அழுத்தி ஊதிப் பழகினேன். சிரித்ததற்காக உன்னை மணி அடிக்கும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். அங்கேயும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, அவருக்கு மாற்றலான ஊர்களுக்கெல்லாம் போனேன். ஹாசன், ஷிமோகா, மறுபடி ஹாசன். நீ பெங்களூரை விட்டு நகரவில்லை. புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான் நம் உறவு. அவர் இறந்தபின் பெங்களூருக்கே திரும்பினேன்; ஒரு வருஷம் ஆனபிறகு ஒருநாள் அறிவிப்பே இல்லாமல் வந்து நின்றாய். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது நீ அல்ல, இந்த யூஃபோனியம். வாசலில் செருப்பைக்கூட விடாமல், "உனக்கு அழ வராது, எனக்குத் தெரியும். ஊதவாவது செய்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பேசும் முறை அது இல்லை என்று சொன்னேன். "நான் துக்கம் விசாரிக்க வரலைடீ. ஆள் பிடிக்க வந்திருக்கேன். எங்க பேண்டுல கீழ் சுரத்துக்கு ஆள் இல்ல" என்றாய்.

அந்த பேண்டை முதலில் பார்த்தபோது எனக்கு மதிப்பு வரவில்லை என்பதை இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம், அவர்களுக்கே அது தெரியும். தொம்மலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட். டிராம்போனில் ஒரு பல் மருத்துவர், கார்னெட்டில் மென்பொருள் கம்பெனிப் பையன்கள், அரசு வேலையில் ஓய்வு பெற்ற மஞ்சுநாத் நடுவில் கையாட்டிக்கொண்டு. யாருக்கும் இது தொழில் இல்லை. பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒன்றாக ஊதத் தொடங்கியதும் அந்தத் தகரக் கூரை அதிர்ந்து என் நெஞ்சுக்குள் வந்தது. அன்றிலிருந்து நான் ஒரு ஒத்திகையையும் விட்டதில்லை. நீ விட்டிருக்கிறாய். ரொம்ப.

ஏரிக்கரைக் கச்சேரியை எப்போதும் முடித்துவைப்பது மஞ்சுநாத் எழுதிய மாலைப் பாட்டு. கார்னெட்டுகள் மேலே பாடும். கீழே நம் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சுரம், பாட்டு முடியும்வரை. அதை ஒருத்தி ஒரே மூச்சில் ஊத முடியாது. இரண்டு பேர் வேறு வேறு இடத்தில் மூச்சு எடுத்தால் கேட்பவர்களுக்கு அது அறுபடாத ஒரு சுரம். எல்லா பேண்டிலும் செய்வதுதான். மற்றவர்கள் தாளில் பென்சிலால் ஒரு சின்ன கமா போட்டு, யார் எங்கே மூச்சு எடுப்பது என்று குறித்துக்கொள்வார்கள். மஞ்சுநாத் நம்மையும் குறிக்கச் சொன்னார். நான் பென்சிலைச் சீவிக்கூட வைத்திருந்தேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதி வச்சா மாஸ்டர், அதைப் பாக்கறதுலயே மூச்சு போயிடும்" என்றாய். அதற்குப் பதில் உன் முட்டியால் என் முட்டியை இடித்தாய். இடித்தால் நீ மூச்சு எடுக்கப் போகிறாய், நான் விடக்கூடாது. கொஞ்ச காலத்தில் அந்த இடியும் தேவைப்படவில்லை. நீ எங்கே எடுப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எங்கே எடுப்பேன் என்று நீ அறிந்திருந்தாய். நம் தாள்களில் மட்டும் ஒரு குறியும் இல்லை. அதைப் பெருமையாக எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவாய்.

அந்த ஏரியோரம் நின்று ஆழமாக மூச்சு இழுக்கிறவர்கள் இந்த ஊரிலேயே நாம்தான் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாய். தண்ணீர் பச்சையாக இருக்கும் வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர்கள், நாம் வாத்தியத்தைத் தூக்கி நெஞ்சு விரிய இழுப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். பொழுது சாய்ந்தால் கொசு வேறு. ஒருமுறை உன் வாய்க்குள் ஒன்று போய்விட்டது. சுரத்தை விடாமலே அதை விழுங்கிவிட்டு, முடிந்ததும், "இன்னைக்கு நான் சைவம் இல்ல" என்றாய், என்றைக்குச் சைவமாக இருந்தாய் என்று தெரியவில்லை. காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்கத் துணி கிளிப் போடுவோம். நான் வீட்டிலிருந்து கழுவி எடுத்து வருவேன். நீ பொரி விற்கும் சுருமுரிக்காரனிடம் போய், காகிதம் பறக்காமல் அவன் வைத்திருக்கும் கல்லைக் கேட்டு வாங்கி வருவாய்.

போன வருஷம் ஒரு கச்சேரியில் உன் முட்டி மறுபடி இடிக்கத் தொடங்கியது. வழக்கமான இடத்தில் மட்டுமல்ல, நடுவிலும். நான் உனக்காக நீட்டி ஊதினேன். முடிந்ததும் என்ன விஷயம் என்று கேட்டேன். "மத்தியானம் பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாய். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றும் சொன்னேன். நீ ஏலக்காயை மென்றபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மழைக்காலம் முடிவதற்குள் நீ இல்லை.

நீ ஒரு நீண்ட மூச்சு எடுக்கத்தான் போயிருக்கிறாய் என்று உன் அடக்கத்தன்று மஞ்சுநாத் பேசினார். அவர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு அப்படிப் பேசப் பிடிக்காது. நீ இறந்துவிட்டாய். அதை நான் சரியாகவே புரிந்துகொண்டிருப்பதாக நினைத்தேன், போன மாதக் கச்சேரி வரை.

உன் நாற்காலியில் நித்யாவை உட்கார வைத்திருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கத்துப் பெண், ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறாள், அலுவலகம் முடிந்து முதுகில் லேப்டாப் பையும் கையில் யூஃபோனியமுமாக வருவாள். பள்ளி பேண்டில் வாசித்தவள். சுருதி சுத்தம். ஒத்திகைக்கு நேரத்துக்கு வருகிறாள். இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய அலுவலக வேலையால் மாலைப் பாட்டை இருவரும் சேர்ந்து முழுதாக ஒத்திகை பார்க்கவே முடியவில்லை. சேர்ந்து முதன்முதலாக ஊதியது ஏரிக்கரையில்தான்.

நல்ல மாலை அது. கூட்டமும் நல்ல கூட்டம். பாட்டின் பாதிவரை சுரம் அசையாமல் நின்றது. பிறகு என் இடம் வந்தது. நான் வாயை எடுத்தேன். அந்த இடத்தில் நான் எடுக்கும்போதெல்லாம் உன் சத்தம் என் இடப்பக்கத்தில் இருக்கும். இத்தனை வருஷமாக அந்தக் கணத்தில் நான் கேட்டது உன்னை மட்டும்தான். அன்று ஆட்டோ ஹார்ன் கேட்டது. ஒரு குழந்தை வீட்டுக்குப் போகலாம் என்று கன்னடத்தில் அழுவது கேட்டது. கார்னெட்டுகள் மேலே தனியாகப் பாடிக்கொண்டிருந்தன, கீழே ஒன்றுமே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நித்யாவும் வாத்தியத்திலிருந்து வாயை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுநாத்தின் இடது கை காற்றில் எங்களைத் தேடியது. நாங்கள் மறுபடி சேர்ந்தபோது சுரம் தடுக்கி விழுந்தது மாதிரி வந்தது.

கேட்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாது. பேண்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பல் மருத்துவர் என் வாத்தியத்தைத் தானே கார்வரை தூக்கி வந்தார், இதற்குமுன் ஒருநாளும் செய்ததில்லை.

அதற்கப்புறம் தொடங்கியது பேச்சு. ஆன்ட்டிக்கு மூச்சு நின்றுபோயிற்றாம். பக்கத்துப் பெண் பயந்துபோய் வாசிப்பதையே நிறுத்திவிட்டாளாம். என் மருமகள்வரை வந்துவிட்டது. "அத்தை, சும்மா ஒரு தடவை காமிச்சிட்டு வந்துடலாம்" என்று டாக்டரிடம் அழைத்துப்போனாள். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தடவை ஊதச் சொன்னார். பிறகு, "நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டார். மஞ்சுநாத், இந்த இடத்தை விட்டுவிடாமல் வாசிக்கவும்.

இதற்குள் மஞ்சுநாத் என் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டபராவைக் கீழே வைத்தார். பிறகு, "அம்மா, தப்பு தில்கோபேடி, தப்பா நினைக்காதீங்க. ஸ்வல்ப நாள் ஊதாம, டிரையாங்கிள் தட்டற பக்கம் வரீங்களா? அதுவும் முக்கியம்தானே?" என்றார்.

"அப்ப டிரையாங்கிளை நீங்க வாசிங்க. கையாட்டறதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நீ இருந்திருந்தால் உருண்டு சிரித்திருப்பாய். அவரும் சிரித்தார். ஆனால் தன் பேச்சிலிருந்து இறங்கவில்லை. ஒத்திகையில் மாலைப் பாட்டை முழுதாக வாசித்துப் பார்ப்போம், சுரம் அறுபடாமல் நின்றால் ஞாயிற்றுக்கிழமை நான் என் இடத்தில், அறுந்தால் டிராம்போன்காரரும் நித்யாவும் கீழ் சுரத்தை எடுத்துக்கொள்வார்கள் என்றார். நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நித்யா வந்தாள், கை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு. எனக்கு அதைப் பார்த்ததுமே கோபம். ஆரஞ்சு நோயாளிக்குக் கொண்டுபோவது. உட்காரச் சொன்னேன். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்றாள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அன்றைக்கு நீ ஏன் நிறுத்தினாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க நிறுத்துனீங்க ஆன்ட்டி, அதான் நானும் நிறுத்திட்டனுங்க."

"நான் நிறுத்தினா நீ ஊதணும். அதுக்குத்தானே ரெண்டு பேர்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது தெரியுமுங்க. ஆனா நீங்க எடுக்கற இடம்னு எனக்குத் தெரியல. மூச்சு முட்டிருச்சோன்னு நெனச்சேன். நான் மட்டும் ஊதிட்டே இருந்தா, நீங்கதான் விட்டுட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருமல்லங்க. ரெண்டு பேரும் விட்டா, யாருன்னு தெரியாது."

என்னைக் காப்பாற்றத்தான் அவள் நிறுத்தினாள். அந்த மரியாதைதான் சுரத்தை அறுத்தது. இப்படி ஒரு காரணத்தை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நீயாக இருந்தால், நான் செத்தே விழுந்தாலும் சுரத்தை முடித்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாய். நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். ஆரஞ்சை உரித்து இருவருமாகச் சாப்பிட்டோம். போகும்போது, "எங்க மூச்சு எடுக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க ஆன்ட்டி, நான் மாத்தி எடுத்துக்கறேன்" என்றாள்.

எளிய கேள்வி. ஒத்திகையில் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போனபிறகு தாளை விரித்துவைத்து, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த இடத்தில் எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தால் தெரியவில்லை, ஊதினால்தான் வருகிறது. ஊதிப் பார்த்தேன். உடம்பு தானாக ஓர் இடத்தில் வாயை எடுத்தது. குறித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று மறுபடி ஊதினேன். அங்கே எடுத்தேன், சரி. ஆனால் பழைய இடம் வந்ததும் நெஞ்சு நிறைய காற்று இருக்கும்போதே மறுபடி வாயை எடுத்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. கதவையெல்லாம் சாத்திக்கொண்டு ஊதுகிறேன், மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்று. மாடியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துகிறேன்.

மூச்சு போதவில்லை என்று அவர்கள் சொல்வது எவ்வளவு சுலபமான விஷயம். மூச்சு போதாவிட்டால் மருந்து இருக்கிறது. நான் அந்த இடத்தில் வாயை எடுத்துவிட்டு, பக்கத்தில் நீ தொடர்கிறாயா என்று கேட்கிறேன். என் வீட்டுக் கூடத்தில், நாற்காலிகூடப் போடாத இடப்பக்கத்தில். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மஞ்சுநாத் இதை உரக்க வாசிப்பார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். தவறாகத் தெரிந்திருப்பதைவிட இது மேல்.

நேற்று மாலை ஏரிப்பக்கம் தனியாகப் போனேன். வாத்தியம் எடுத்துப்போகவில்லை. நாம் உட்காரும் இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டை மனதுக்குள் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, இடம் வந்தபோது மூச்சை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு தாங்கியது. இடத்தைக் கடந்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், உன் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. அந்த ஒரு கணத்தில்தான் நீ இன்னும் ஊதிக்கொண்டிருந்தாய். நான் அங்கே மூச்சு எடுக்காவிட்டால் உன் சத்தத்துக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். உனக்கு அழ வராது என்று நீ சொன்னதும் தவறுதான், அதையும் திருத்திக்கொள்.

ஆனால் சுரம் அறுபடக் கூடாது. நீயும் நானும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். சாமி, சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு, எல்லாவற்றிலும் சண்டை போட்டிருக்கிறோம். கீழ் சுரம் அறுந்தால் மேலே பாடுகிறவர்கள் அந்தரத்தில் நிற்பார்கள் என்பதில் மட்டும் சண்டை இல்லை. நீ போனபிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்: நான் வாயை எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவள் ஊதிக்கொண்டிருக்கிறாளா என்று கேட்கும் காது. அந்தக் காதை இனி இறந்தவள் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. பக்கத்தில் ஒரு பெண் லேப்டாப் பையைக் காலடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் இடத்தைச் சொன்னால் அவள் மரியாதைக்காக அதைச் சுற்றியே எடுத்துக்கொள்வாள். நான் பழைய இடத்திலேயே உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது சரிவராது. அவள் முதலில் எடுக்கட்டும், எங்கே வேண்டுமோ அங்கே. அது என் இடமாகவே இருந்தாலும் இருக்கட்டும். நான் அவளைச் சுற்றி எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இது சுலபமில்லை, உனக்குத் தெரியும்.

மஞ்சுநாத், இங்கே நிறுத்துங்கள். இனி வருவது நித்யாவுக்கு.

நித்யா, மாலைப் பாட்டில் நீ எந்தெந்த இடத்தில் மூச்சு எடுக்கப்போகிறாய் என்று முடிவு செய். என்னைப் பார்த்து முடிவு செய்யாதே. வாயால் சொன்னால் எனக்குப் போதாது. வாத்தியத்தை எடுப்பதற்கு முன்னால் என் தாளில் பென்சிலால் குறித்துக் கொடு.